உழுத மண்ணில் முதல் அடி

1

“...அப்படின்னா நெலம் அவனுது, வழி மட்டும் ஊருதா?” என்று கேட்டாள் அக்கா.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது இங்கிலாந்தில், நான் பிழைக்க வந்த ஆற்றங்கரை ஊரின் எல்லையில், ஒரு கோதுமை வயலின் ஓரம். அறுவடை முடிந்து, முந்தின நாள்தான் டிராக்டர் விட்டு உழுதிருந்தார்கள். வேலியோரக் கம்பத்தில் ஒரு மஞ்சள் அம்பு, ‘பொது நடைவழி’ என்ற எழுத்தோடு வயலின் குறுக்கே கை காட்டிக்கொண்டிருந்தது. அம்பு காட்டிய திக்கில் வழி என்று ஒன்றுமில்லை. புரண்ட மண் கட்டி கட்டியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

இது போன புரட்டாசியில் நடந்தது. இந்த வாரம் வேலைக்குப் போகும்போது அதே வயலை மறுபடி உழுதிருப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டை எனக்காகக் காத்திருக்கும் என்று தெரிந்தும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். அக்கா கேட்டதும், கேட்ட பிறகு அவள் செய்ததும் கண்முன் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்கு எழுதினால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று பார்க்கிறேன். “சொல்லிட்டா தீந்துடும்னு சொல்றாங்க, நானும் முப்பது வருசமா சொல்லிக்கினே கீறேன்” என்பார் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். அவர் சொன்னதுதான் சரியோ என்னவோ.

2

முதலில் இந்த ஊர் வழிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், நடுவில் மண் நிறத்தில் ஓர் ஆறு. ஆற்றோரமாக ஒரு பாதை போகிறது. அந்தக் காலத்தில் சரக்குப் படகைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துக்கொண்டு நடந்த கரையாம் அது. இன்று குதிரையும் இல்லை, சரக்கும் இல்லை. பாதை மட்டும் இருக்கிறது. புல் வெட்டி, பள்ளத்தில் சரளை போட்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ரயில் ஓடி நின்றுபோன தடம் ஒன்று உண்டு. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு அதைச் சைக்கிள் வழியாக்கிவிட்டார்கள். நான் தினமும் வேலைக்குப் போவது அதில்தான். போகிற வழியில் பழைய ரயிலடி மேடைகூட இருக்கிறது. முள்ளுச்செடி ஏறி, யாரும் இறங்காத ஸ்டேஷன். ரயில் போனாலும் வழி போகவில்லை. எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்தது இதுதான்.

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக வந்தாள். நான் அவள் புருஷன் என்கிற காரணத்துக்காக வந்தேன். விசாவிலும் அப்படித்தான் போட்டிருந்தது. வந்த புதிதில் பேச ஆள் கிடையாது. பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் நடந்தேன். ‘நடந்தா நாடெல்லாம் உறவு, படுத்தா பாயும் பகை’ என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதை நம்பி நடந்தேன்.

உறவு உடனே கிடைத்துவிடவில்லை. இங்கே பாதையில் சைக்கிளில் வருகிறவர்கள் பின்னாலிருந்து மணி அடிப்பார்கள். நடக்கிறவர் ஓரம் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். நமக்கு அப்படியா பழக்கம்? காட்டுவழியில் பின்னால் சத்தம் கேட்டால் நின்று, திரும்பி, யார் என்று பார்த்து, வருகிறவரைச் சேர்த்துக்கொண்டு போவதுதானே மரியாதை. நானும் அப்படியே பாதை நடுவில் நின்று, திரும்பி, சிரித்தேன். ஒருவர் பிரேக் போட்டுப் புல்லில் சாய்ந்தார். அவர் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். இந்த நாட்டில் இடித்தவரும் மன்னிப்புக் கேட்பார், இடிபட்டவரும் கேட்பார். கூட வந்த என் மகள் மதிக்குத்தான் முகம் செத்துவிட்டது. “அப்பா, அவங்க உன்னைப் பாக்க வரல. போறாங்க” என்றாள். அப்போது அவளுக்கு ஏழெட்டு வயது. அதற்கப்புறம் அவள் என்னோடு நடக்கும்போது நாலு எட்டு முன்னாலேயே போவாள்.

3

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கம் பக்கத்தில் எங்கள் ஊர். மலைமேல் இருக்கிற சிற்றூர்க்காரர்கள் புளியும் சாமையும் பலாப்பழமும் தலையில் வைத்துக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். சரிவு முடிகிற இடத்துக்கும் செங்கம் பஸ் நிற்கிற ரோட்டுக்கும் நடுவில் எங்கள் நிலம். பாதை அதன் குறுக்கே போகிறது. அது வழி என்று எந்த ஆபீசிலும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

நிலத்தை உழுதால் பாதை அழிந்துவிடும். மலைக்காரர்கள் உழுத மண்ணில் தாங்களாகக் கால் வைக்க மாட்டார்கள். அடுத்தவர் பாடுபட்ட மண்ணாயிற்றே. அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஏர் ஓட்டி முடித்ததும், வீட்டுப் பெண் ஒருத்தி செருப்பில்லாமல் ரோட்டுப் பக்கத்திலிருந்து மலைப்பக்கம் வரைக்கும் நேராக நடந்து போவாள். போய்ச் சேர்ந்ததும் தடத்தை விட்டு ஒதுங்கி நின்று, கையை நீட்டி, “வாங்க” என்பாள். அதற்குப் பிறகு அவர்கள் அந்த அடிமேல் அடி வைத்து வருவார்கள். இரண்டு நாளில் மண் இறுகி மறுபடி பாதை தெரியும். விதை அதைச் சுற்றித்தான் முளைக்கும்.

இதெல்லாம் முளை விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். முளைத்த பயிர்மேல் அவர்களும் நடக்க மாட்டார்கள், நாங்களும் நடக்க மாட்டோம்.

அம்மாவுக்குப் பிறகு அந்த நடை அக்காவுடையது. மாமா இறந்த பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பயிர் பார்ப்பது தம்பி சேகர். அவனை வில்லனாக்கி எழுத எனக்கு மனமில்லை. மலைக்கு ரோடு போட்டதிலிருந்து, சுற்றுவழி வேண்டாம் என்று டவுன் பையன்கள் பைக்கை அந்தப் பாதையில் விட ஆரம்பித்தார்கள். பாதை அகலமாகிப் பயிர் நசுங்கியது.

“நீ அங்க ஜாலியா சைக்கிள் வுட்டுக்கினு கீற. இங்க வந்து பாரு, வேர்க்கல்ல மேல டயரு போய்க் கீது. நான் இன்னா, ரோடு காண்ட்ராக்டா எடுத்து கீறேன்?” என்று போனில் கத்தினான் சேகர். “மலைக்காரங்களுக்கு பஸ்ஸு வுட்டாச்சுண்ணா. ஜமுனாமரத்தூர்ல ஏறினா நேரா வந்து எறங்கலாம். இன்னும் எதுக்கு நம்ம நெலத்துல? வேலி போட்றலாம்னா அக்கா வுடமாட்டுது. நீ ஒரு வார்த்த சொன்னா கேக்கும்.”

நான் சொல்லவில்லை. சொல்லாமலும் இல்லை. “பாக்கலாம்டா” என்றேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊர் விஷயத்தில் கிடைத்திருக்கிற ஒரே சொல் அதுதான்.

4

மதி மேல்படிப்புக்கு வேறு ஊர் போகிற வருடம் அது. “தம்பி பொண்ணு போறதுக்குள்ள ஒருதபா பாத்துடணும்” என்று அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு விசாவுக்கு எழுதிப்போட்டேன். திரும்பிப் போவாள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். வீடு, நிலம், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் நகல் எடுத்து அனுப்பச் சொன்னேன். விசா கிடைத்தது.

விமான நிலையத்தில் இறங்கியதும் அதிகாரி கேட்டாராம், ஏன் திரும்பிப் போவீர்கள் என்று. நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது என்று சொல்லச் சொல்லிப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா பாடத்தை மறந்துவிட்டு மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“ஏரு ஓட்னா நான்தான் நடக்கணும்மா. நான் போவலன்னா அவங்க ஓரத்துலயே நிப்பாங்க.”

அந்தப் பெண் இதை எப்படி மொழிபெயர்த்தாளோ! அதிகாரி அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். இத்தனை வருடத்தில் என்னிடம் காகிதம் கேட்ட எந்த அதிகாரிக்கும் இவ்வளவு வலுவான காரணத்தை நான் சொன்னதில்லை.

அக்காவும் நானும் தினமும் காலையில் ஆற்றோரம் நடந்தோம். புடவைக்கு மேல் மதியின் பழைய மழைக்கோட்டு, காலில் நான் வாங்கிக் கொடுத்த ஷூ. “காலுக்கு முக்காடு போட்டாப்ல கீதுடா” என்பாள். நாய் பிடித்துக்கொண்டு எதிரே வருகிறவர்களிடமெல்லாம், “தூரமா?” என்று கேட்பாள். எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் ஆகாது என்பதால் நாம் அப்படித்தானே கேட்போம். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். இந்த ஊர்க் கிழவர்களுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. பாலம் வரைக்கும், தேவாலயம் வரைக்கும், முட்டி வலிக்கிற வரைக்கும் என்று நின்று பதில் சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாக நான் தேடிய உறவை அக்கா ஒரே வாரத்தில் சம்பாதித்துவிட்டாள்.

வீட்டுக்குள்தான் அது நடக்கவில்லை. ஒரு நாள் நாங்கள் கிளம்பி வாசலில் நிற்கும்போது மதி காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, “எங்க போறீங்க?” என்றாள். அக்கா உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்பினாள். “அத்தைக்கு உடம்பு சரியில்லையா?” என்று மதி என்னைக் கேட்டாள். பாசமாகத்தான் கேட்டாள். விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இயர்போன் காதுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை சைக்கிளில் எத்தனை மைல் போனாள், எந்த மேட்டில் மூச்சு வாங்கினாள் என்பதெல்லாம் அவள் போனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

5

மதி போவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலையில் அக்காவின் போன் அடித்தது. மலைமேலிருந்து பச்சியம்மா. அக்கா வயதுதான், அந்த வழியில் ஆயுசு முழுக்க ஏறி இறங்கியவள். டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டிருக்கிறாள் போல, காற்று இரைச்சல் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது.

“யக்கா, நல்லா கீறியா? அங்க சோறு போட்றாங்களா?”

“போட்றாங்க, போட்றாங்க. ரொட்டிதான் ஜாஸ்தி. இன்னா சேதி சொல்லு.”

“மழ பேஞ்சிச்சிக்கா. ஒந்தம்பி கொள்ளு வெதைக்க நேத்து டிராக்டரு வுட்டுட்டாரு. நாங்க வந்து ஓரத்துல நின்னு பாத்துட்டு சுத்திக்கினு போய்ட்டோம். நீ எப்ப வருவ?”

அக்கா என்னைப் பார்த்தாள். “வர்றேன் பச்சியம்மா” என்று சொல்லி வைத்துவிட்டு, “டிக்கெட்ட மாத்துடா” என்றாள்.

“அக்கா, மதி போறதுக்கு இன்னும் ரெண்டு வாரந்தான். அதுக்குத்தான வந்த?”

“ரெண்டு வாரத்துல கொள்ளு மொளச்சிடும்டா.”

“சேகரு வூட்டுக்காரிய நடக்கச் சொல்லலாம்.”

“அவன் நடக்க வுடுவானா? நான் இல்லாத நேரம் பாத்துதான ஓட்டி கீறான்.” போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். “அவன் மேலயும் தப்பு இல்ல. அவனுக்கு வேல. எனக்குக் காலு.”

“ஒரு வருசம் நடக்காட்டி வழி எங்கக்கா ஓடிடப் போவுது?” என்றேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அக்கா வேண்டியிருந்தது. பிள்ளை பிரிந்து போகிற வீட்டில், போகிற அன்றைக்கு நம் மொழியில் பேச இன்னொரு வாய் வேண்டியிருந்தது. மதி மாடியிலிருந்து இறங்கி வந்து, எதுவும் தெரியாமல், “அத்தை, நான் போறவரைக்கும் இருப்பீங்கல்ல?” என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவினாள்.

“இருக்கேன் கண்ணு” என்றாள். “டிக்கெட்ட அப்படியே வுடு” என்றாள் என்னிடம்.

அவள் முகம் சரியில்லை. எப்போதும் போகிற ஆற்றோரத்தை விட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில் தடத்தில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனேன். வேறு இடம் பார்த்தால் மனசு மாறும் என்று நினைத்தேன். அந்தத் தடத்திலிருந்து பிரிகிற நடைவழிதான் நான் முதலில் சொன்ன கோதுமை வயலுக்குப் போகிறது. எங்கே கூட்டிப்போகக் கூடாதோ அங்கேயே கூட்டிப்போயிருக்கிறேன். ‘பேய்க்கு பயந்து சுடுகாட்டுல குடிபோன கதை’ என்பார்களே, அது.

6

அன்றைக்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

மதி கிளம்பினாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றி, அவள் சைக்கிளைப் பின்னால் கட்டினேன். அக்கா அவள் நெற்றியில் திருநீறு வைத்து, “தூரமா?” என்று கேட்டாள். “இல்ல அத்தை, ட்ரெயின்ல வந்தா பக்கந்தான்” என்றாள் மதி. பக்கம்தான். அதன்பிறகு பொங்கலுக்கு வரவில்லை, பரீட்சையாம். சித்திரைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனாள்.

அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கொள்ளு இரண்டு இலை விட்டிருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நிலத்தோரம் போய் நின்றாளாம். பச்சைப் பசேலென்று, நடுவில் ஒரு கோடுகூட இல்லாமல் இருந்ததாம். அவளும் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அறுவடைக்குப் பிறகு சேகர் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினான். கொள்ளு போட்ட இடத்தில் மாங்கன்று வைத்தான். இனி அது ஏர் ஓட்டுகிற நிலம் இல்லை. ஏர் ஓடாத இடத்தில் முதல் நடைக்கும் வேலை இல்லை. அவன் நியாயஸ்தன், அதையும் சொல்லிவிட வேண்டும். வேலியில் இரண்டு பக்கமும் கேட் வைத்திருக்கிறான்.

“பூட்டே போடலண்ணா. யாரு வேணா தெறந்துக்கினு போலாம். எவன் வரான்? நீயே சொல்லு” என்கிறான்.

யாரும் வரவில்லை. கூப்பிடாத வாசலில் அவர்கள் எப்படி நுழைவார்கள்? புளியும் சாமையும் இப்போது ஜமுனாமரத்தூரிலேயே வேனில் ஏறித் திருப்பத்தூர்ப் பக்கம் இறங்கிவிடுகின்றன. பச்சியம்மா ஒரு தரம் பஸ்ஸில் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனாளாம். வரும்போது ஒரு பலாப்பழம். “பஸ்ஸுல வந்தா விருந்தாளி ஆய்ட்டேன்க்கா. முன்ன எல்லாம் நான் ஒனக்கு வழியில போறவதான?” என்று சிரித்தாளாம். அக்கா இதைப் போனில் சொன்னாள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அக்காவுக்கும் சேகருக்கும் சண்டை கிடையாது. ஒரே அடுப்பில்தான் சோறு. என்னிடமும் அவளுக்குக் கோபம் இல்லை. “நல்லா கீறியா, சைக்கிள பாத்து வுடு” என்பாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நானும் இங்கே தினமும் நடக்கிறேன், மிதிக்கிறேன். ஆற்றோரம், ரயில் தடம், வயல்வழி, எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் ஒருநாள் வராவிட்டாலும் இந்த வழிகளுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது, அம்பு இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறது. என் கால் பட்டுப் பிழைக்க வேண்டிய வழி இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. பிழைத்திருக்க வேண்டிய ஒரு வழிக்கு இருந்த ஒரே காலை நான்தான் இங்கே இரண்டு வாரம் கூடுதலாக நிறுத்தி வைத்தேன்.

7

“அப்படின்னா நெலம் அவனுது, வழி மட்டும் ஊருதா?” என்று அன்றைக்கு அக்கா கேட்டாள்.

“ஆமாக்கா. அவன் உழுதுக்கலாம். ஆனா வழி போன எடத்துல மறுபடி வழி வுட்டே ஆவணும். சட்டம். ஒருதபா வழின்னு எழுதிட்டா எப்பவும் வழிதான்.”

“வுடலன்னா?”

“ஆபீசுக்கு எழுதிப் போடலாம். ஒரு நம்பரு குடுப்பாங்க. அப்புறம் வந்து பாப்பாங்க.”

“அதுவரைக்கும்?”

வயலின் அந்தப் பக்கத்தில், வேலி இடைவெளியில், நாயோடு ஒரு கிழவரும் கிழவியும் வந்து நின்றார்கள். உழுத மண்ணைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவி தன் செருப்பைப் பார்த்தாள். சுற்றிப் போகலாமா என்று பேசிக்கொள்வது தூரத்திலிருந்தே தெரிந்தது.

அக்காவும் அவர்களைப் பார்த்தாள்.

“சுத்திக்கினு போவப் போறாங்கடா” என்றாள்.

குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி என் சைக்கிள் கூடையில் வைத்தாள். மழைக்கோட்டைத் தூக்கிப் புடவையை இழுத்துச் செருகினாள். நானும் கூடப் போக நினைத்தேன். கம்பத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்ற படம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அக்கா மஞ்சள் அம்பைப் பார்த்தாள், எதிர்க்கோடியைப் பார்த்தாள், வலது காலை மண்ணில் வைத்தாள். கட்டிகளை மிதித்து உடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், கொஞ்சமும் கோணாமல் நேராக நடந்தாள். அவளுக்குப் பின்னால் மண்ணில் ஒரு கோடு விழுந்துகொண்டே போனது. கோடியில் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததும் தடத்தை விட்டு ஒதுங்கி நின்று, கையை நீட்டி, “வாங்க” என்றாள்.